போர்வீரர் தலைக்கவசத்தின் துணி உறைகள்: வாசகர் கேள்வி–பதில்

பழைய இராணுவத் தலைக்கவசங்களின் மேல் மாட்டப்பட்ட துணி உறைகளைச் சேகரிப்பது பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எஃகுத் தலைக்கவசத்தைச் சேகரிக்கிறார்கள் என்றால் புரிகிறது. அதன் மேல் போர்த்திய துணியைத் தேடிப் பிடிப்பதில் என்ன இருக்கிறது? முதலில், அந்தத் துணியால் வீரனுக்கு என்ன பயன்?
– கும்பகோணம் வாசகர்

பதில்: குண்டையோ சிதறலையோ அந்தத் துணி தடுக்காது. ஆனால் மழையில் நனைந்த எஃகு நிலவொளியிலும் பளபளக்கும். புதருக்குள் நகரும்போது மரக்கிளை உரசினால் ஓசை எழுப்பும். அதன் வழவழப்பான வளைவு எவ்வளவு தொலைவிலிருந்து பார்த்தாலும் மனிதத் தலை என்று காட்டிக்கொடுக்கும். இம்மூன்றையும் ஒரு முழத் துணி தணித்துவிடுகிறது. வெயில் நாடுகளில் எஃகு கொதிப்பதையும் ஓரளவு குறைக்கிறது.

இந்த எண்ணம் எஃகுத் தலைக்கவசத்தைவிடப் பழையது. 1815இல் வாட்டர்லூவில் போரிட்ட பிரிட்டிஷ் காலாட்படையினர் தங்கள் உயரமான தொப்பிகளுக்கு எண்ணெய் பூசிய கறுப்புத் துணி உறையைப் போட்டிருந்தார்கள். 1879இல் தென்னாப்பிரிக்காவின் சூலு மக்களுக்கு எதிரான போருக்குச் சென்றவர்கள், உறை கிடைக்காத நிலையில், வெள்ளைத் தொப்பிகளைத் தேயிலைச் சாறு கொண்டு பழுப்பாக்கிக்கொண்டார்கள். நூற்றாண்டின் முடிவில் அங்கேயே நடந்த போயர் போரில் அதே வகைத் தொப்பிகளின் மேல் காக்கி உறைகள் ஏறிவிட்டன.

ஏன் சேகரிக்க வேண்டும் என்பதற்கு நான் தரும் விடை வேறு. அமெரிக்காவின் எம்1 தலைக்கவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1941இல் ஏற்கப்பட்ட அந்த மாங்கனீசு எஃகுக் கவசங்களை அமெரிக்க இராணுவம் எளிதில் தூக்கி எறியவில்லை. நசுங்காதவற்றைத் திரும்பப் பெற்று, புதுச் சாயம் பூசி, புது வார் தைத்து, மீண்டும் மீண்டும் வழங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செய்யப்பட்ட கவசம் கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் போயிருக்கலாம். ஆகவே எஃகை மட்டும் பார்த்து அது எந்தப் போரைக் கண்டது என்று சொல்வது கடினம். உறையோ தேய்ந்தால் கழற்றி எறியப்படும் பொருள். ஒன்று கிழிந்தால் இன்னொன்று. அப்படி எறியப்படாமல் தப்பிய உறை, தான் பிறந்த சில ஆண்டுகளோடு இறுக்கமாகக் கட்டுண்டு கிடக்கிறது. நெசவும் சாயமும் தையலும் முத்திரையும் அதன் காலத்தைச் சொல்லிவிடும். சேகரிப்பாளர் பலர் கவசத்துக்குப் பெருந்தொகை கொடுத்துவிட்டு, உறையை இலவச இணைப்பாக நினைக்கிறார்கள். சான்றின் வலிமை பெரும்பாலும் அந்த இணைப்பில்தான் இருக்கிறது.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். அதிகம் செலவழிக்க இயலாது. முதன்முதலாக எந்த உறையை வாங்கலாம்? அதன் ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி?
– மதுரை வாசகர்

பதில்: தயங்காமல் சொல்வேன்: சேகரிப்பாளர்கள் ‘மிட்செல்’ என்று அழைக்கும் அமெரிக்க உறையிலிருந்து தொடங்குங்கள். 1950களின் இறுதியில் வந்து, வியட்நாம் போர் முழுவதிலும் அதற்குப் பிறகும் தரைப்படையினரும், கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் மரைன் படையினரும் அணிந்தது அதுதான். ஒரு பக்கம் பச்சை இலைக் கொத்து, மறுபக்கம் பழுப்பு மேகத் திட்டுகள். இரண்டு பக்கமும் அணியத்தக்கதாக இருந்தும், வியட்நாம் படங்களில் பெரும்பாலும் இலைப்பக்கமே வெளியே தெரியும். பெருந்தொகையாகத் தைக்கப்பட்டதால் அசல் உறைகளே இன்னும் தாராளமாகப் புழங்குகின்றன. அசல் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் போலி செய்ய ஆர்வமும் குறைவு. புதியவர் கண்ணைப் பழக்கிக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஆண்டைக் காண உட்பக்கத்தில் மையால் அடித்த முத்திரையைத் தேடுங்கள். அதில் டி.எஸ்.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பின் 100 என்ற எண், அதன் பின் ஓர் ஈரிலக்க எண், பிறகு சி என்ற எழுத்து, கடைசியில் ஒப்பந்த எண் என்ற வரிசை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டி.எஸ்.ஏ. என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கொள்முதல் முகமை. 1961இல் அமைக்கப்பட்ட அது 1977இல் வேறு பெயர் பெற்றது. எனவே அந்த எழுத்துகளே காலத்துக்கு இரு வேலிகளைப் போட்டுவிடுகின்றன. நடுவில் உள்ள ஈரிலக்கம் ஒப்பந்தம் செய்த நிதியாண்டு. 67 என்றிருந்தால் 1967ஆம் நிதியாண்டு. அன்றைய அமெரிக்க நிதியாண்டு ஜூலையில் தொடங்கியதால், ஒப்பந்தம் 1966 ஜூலைக்கும் 1967 ஜூனுக்கும் இடைப்பட்டது என்று கொள்ள வேண்டும். துணி வாங்கி, அச்சடித்து, தைத்து, கப்பலேற்றி, ஒரு படைவீரனின் கைக்கு வந்து சேர இன்னும் பல மாதங்கள் ஆகியிருக்கும். ஆகவே 67 என்ற முத்திரையுள்ள உறை 1966இல் காட்டில் இருந்தது என்று ஒரு வியாபாரி சொன்னால், ஆதாரம் கேளுங்கள்.

முத்திரைக்குள்ளேயே இன்னொரு துப்பும் உண்டு. ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் அமெரிக்க அரசு தரும் இருப்பு எண் 1974 வரை பதினோரு இலக்கங்களாக இருந்தது. அதன் பிறகு பதின்மூன்றாயிற்று. இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். பதின்மூன்று இருந்தால், அந்த உறைக்கும் அமெரிக்கத் தரைப்படையின் வியட்நாம் போர் அனுபவத்துக்கும் தொடர்பில்லை. அப்படைகள் 1973இலேயே வெளியேறிவிட்டன. பலமுறை துவைக்கப்பட்ட உறையில் முத்திரை முற்றிலும் அழிந்தும் போயிருக்கலாம். அதற்காக அதை ஒதுக்க வேண்டாம். ஆண்டு சொல்லாமல் வாங்குங்கள், ஆண்டு சொல்லாத விலைக்கு வாங்குங்கள்.

கேள்வி: பின்னலாடைத் தொழிலில் இருப்பவன் என்பதால் துணி எனக்கு ஓரளவு தெரியும். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க மரைன் உறை ஒன்று என்னிடம் விலைக்கு வந்திருக்கிறது. முன்புறத்தில் கழுகுச் சின்னம் இருக்கிறது. ‘ஜப்பானின் இவோ ஜிமா தீவுப் போரில் அணிந்தது’ என்கிறார்கள். நம்பலாமா?
– திருப்பூர் வாசகர்

பதில்: அந்தக் கழுகுதான் உங்களை எச்சரிக்க வேண்டும்.

மரைன் படையினரின் உறையில் அச்சான உருமறைப்பு வடிவம், தவளைத் தோல் என்று இன்றும் பேசப்படுவது, நார்வெல் கில்லெஸ்பி என்ற தோட்டக்கலை எழுத்தாளர் உருவாக்கியது. ஒரு பக்கம் காட்டுக்கான பச்சை, ஐந்து நிறம். மறுபக்கம் கடற்கரைக்கான பழுப்பு, மூன்று நிறம். 1942 முதல் தைக்கப்பட்ட இந்த உறைகள், 1943 நவம்பரில் பசிபிக் கடலின் தராவாத் தீவில் நடந்த போரின் படங்களில் தலைக்குத் தலை தெரிகின்றன. முதலில் வந்தவற்றில் வெட்டுத் துளைகள் இல்லை. அடுத்த வகையில் இலை தழைகளைச் செருகுவதற்காகக் காஜா அடித்த சிறு துளைகள் சேர்ந்தன. கழுகும் உலக உருண்டையும் நங்கூரமும் சேர்ந்த மரைன் சின்னத்தை முன்புறத்தில் அச்சிட்ட உறைகள் மூன்றாம் வகை. அவை 1950களுக்குரியவை. 1945 பிப்ரவரியில் இவோ ஜிமாவில் இறங்கியவன் தலையில் அது இருந்திருக்க வழியில்லை. உங்களிடம் வந்திருப்பது அசலான கொரியப் போர்க் கால உறையாகவோ அதற்குச் சற்றுப் பிந்தியதாகவோ இருக்கலாம். அப்படியானால் அதுவும் மதிப்புள்ள பொருள்தான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் கதையும் கதைக்கேற்ற விலையும் அதற்கு உரியவை அல்ல.

துணி தெரிந்தவர் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். போர்க்கால உறையின் துணி பருத்தி, மீன்முள் நெசவு. ஒரு லென்ஸை வைத்துப் பாருங்கள். இடமும் வலமும் சாயும் கோடுகள் முதுகெலும்பில் சந்திக்கும் இடத்தில் ஒழுங்காக முறிய வேண்டும். சாதாரணச் சாய்வு நெசவிலோ நேர்நெசவிலோ தவளைத் தோல் அச்சைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்து அச்சின் ஓரங்கள். அசலில் ஒரு நிறம் இன்னொன்றின் மேல் ஏறும் இடத்தில் மூன்றாவது நிழல் ஒன்று மெல்லியதாகத் தெரிவதுண்டு. இன்றைய நகல்களில் பல, புகைப்படத்திலிருந்து எடுத்தவை என்பதால், வடிவங்களின் விளிம்பு மழுங்கியோ அளவுக்கு மீறித் துல்லியமாகவோ இருக்கும். பச்சைப் பக்கத்தின் நிறம் பளிச்சென்று இருப்பதும் சந்தேகத்துக்குரியது.

தையலுக்கு வருவோம். இரண்டு அரைவட்டத் துண்டுகளை உச்சியில் இணைத்துச் செய்ததுதான் இந்த உறை. இணைப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். உள்ளே மடிந்திருக்கும் நூலைப் பார்த்தால் போதும். போர்க்காலத்தில் பருத்தி நூல்தான். பாலியெஸ்டர் 1950களில்தான் சந்தைக்கு வந்தது. ஏற்கெனவே உதிர்ந்து தொங்கும் ஒரு நூல் துணுக்கு கிடைத்தால் மட்டும் அதை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிவது போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணியாக உறையும். இந்தச் சோதனைக்காக ஒரு தையலைக்கூட வெட்டக் கூடாது.

புற ஊதா விளக்கைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். போருக்குப் பிறகு சலவைத் தூளில் வெண்மையூட்டும் ஒளிர்பொருள் சேர்ந்தது. இருட்டறையில் அந்த விளக்கைக் காட்டினால் அது நீலமாக ஒளிரும். அசல் 1940களின் துணி ஒளிராது என்பது பொது விதி. ஆனால் ஒரு முதிய வீரரின் மனைவி அந்த உறையை 1970களில் மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைத்திருந்தால் அசலும் ஒளிரும். ஒளிர்பொருளே இல்லாத துணியில் தைத்து, தூளின்றி அலசிய போலி ஒளிராது. எனவே விளக்கை முதல் தீர்ப்பாகவோ இறுதித் தீர்ப்பாகவோ கொள்ளாதீர்கள். துணி முழுதும் மங்கியிருக்கத் தையல் நூல் மட்டும் நீலமாகத் தகதகத்தால், அது மட்டும் கவனிக்க வேண்டிய செய்தி.

எல்லாவற்றிலும் நான் அதிகம் நம்புவது வெயிலின் கணக்கை. எம்1 கவசத்தில் உறையின் கீழ் மடல்கள் எஃகுக்கும் உள்ளிருக்கும் இலகு கவசத்துக்கும் இடையே செருகப்படும். அந்தப் பகுதி வெளிச்சம் காணாது. ஆகவே உண்மையில் அணியப்பட்ட உறையைக் கழற்றி விரித்தால், வெளுத்த வட்டமும் அதைச் சுற்றி இன்னும் அடர்ந்த நிறமுள்ள மடல்களும் தெரியும். இரண்டுக்கும் இடையில், கவசத்தின் விளிம்பு அழுத்திய இடத்தில், துருவின் மெல்லிய வளைகோடு ஓடும். உச்சித் தையல் அதிகம் தேய்ந்திருக்கும். போலி செய்பவர் துணியைத் தேநீரிலோ வெளுப்பு நீரிலோ முக்குகிறார். அப்போது மடலும் நடுப்பகுதியும் ஒரே சீராகப் பழுத்துவிடுகின்றன. விற்பவர் உறையைக் கழற்ற மறுத்தால் மடல்களின் படத்தையாவது கேளுங்கள். அதற்கும் மறுத்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: வியட்நாம் காலத்து உறைகளில் வீரர்களே பேனாவால் எழுதிய வாசகங்கள், மாதங்களின் பட்டியல், படங்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு விலை பல மடங்கு கேட்கிறார்கள். எழுத்து உண்மையானதா என்று எப்படிச் சோதிப்பது?
– சிங்கப்பூர் வாசகி

பதில்: உங்கள் கேள்வியிலேயே போலி பெருகியதன் காரணமும் இருக்கிறது. ஐம்பது ஆண்டு வயதான ஒரு வெற்று மிட்செல் உறையை மலிவாக வாங்கி, ஒரு பேனாவை எடுத்து, பத்து நிமிடம் செலவழித்தால் விலை உயர்ந்துவிடும் என்றால், செய்பவர்கள் செய்யத்தான் செய்வார்கள். துணி அசல், முத்திரை அசல், எழுத்து மட்டும் நேற்றையது. எனவே நெசவைப் பார்த்து எழுத்தை நம்பக் கூடாது; இரண்டையும் தனித்தனியாக எடைபோட வேண்டும்.

மையும் தேய்மானமும் எந்த வரிசையில் நிகழ்ந்தன என்று பாருங்கள். வீரன் எழுதியிருந்தால் முதலில் எழுத்து, பிறகு வெயில், மழை, உரசல். கவசத்தை அவன் முகம் கழுவப் பயன்படுத்தினான், அதன் மேல் உட்கார்ந்தான், தரையில் உருட்டினான். உச்சியிலும் முன்விளிம்பிலும் உள்ள எழுத்துகள் அதிகம் தேய்ந்தும், பக்கவாட்டில் உள்ளவை சற்றுத் தெளிவாகவும் இருக்க வேண்டும். துணி நைந்து துளை விழுந்திருக்கும் இடத்துக்கு வந்து லென்ஸில் பாருங்கள். எழுத்துக்கோடு துளையின் ஒரு கரையில் நின்று மறுகரையில் தொடர்கிறதா, அல்லது அறுந்து பிரிந்த நூல்முனைகளுக்குள்ளும் மை ஊறிப் பரவியிருக்கிறதா? நூல்முனை மை குடித்திருந்தால், துளை விழுந்த பிறகுதான் எழுதியிருக்கிறார்கள்.

உறையின் மேல் சுற்றி மாட்டிய எலாஸ்டிக் பட்டையையும் மறக்காதீர்கள். பூச்சிவிரட்டிப் புட்டியும் சிகரெட் பெட்டியும் செருகிவைக்க அந்தப் பட்டை உதவியது. பல மாதம் ஒரே இடத்தில் இருந்திருந்தால் அதன் கீழே வெளுக்காத ஒரு வளையம் தங்கும். எழுத்து அந்த வளையத்தைக் கடந்து ஓடினால், வளையத்துக்குள் மை அடர்ந்தும் வெளியே மங்கியும் இருப்பது இயல்பு. எங்கும் ஒரே அடர்த்தியாக இருந்தால் இயல்பல்ல.

உள்ளடக்கத்தையும் சரிபாருங்கள். அமெரிக்கத் தரைப்படையினரின் வியட்நாம் பணிக்காலம் பன்னிரண்டு மாதம், மரைன் படையினருக்குப் பதின்மூன்று. மாதங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தவன் எந்தப் படை என்று சொல்லப்படுகிறதோ, அதற்கு அந்த எண்ணிக்கை பொருந்த வேண்டும். முத்திரையின் ஒப்பந்த ஆண்டு எழுதப்பட்ட ஆண்டுக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது. திரைப்படச் சுவரொட்டியில் பார்த்த முழக்கம் போல எல்லாமே கச்சிதமாக, வாசிக்க வசதியாக, முன்புறம் நோக்கியே எழுதப்பட்டிருந்தால் எனக்கு ஐயம் வந்துவிடும். உண்மையான உறைகளில் அதிகம் காண்பது ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு பெண்ணின் பெயர், பாதியில் நின்ற மாதங்கள். பாதியில் நின்றதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அது காயத்தின் அடையாளம் என்றோ மரணத்தின் அடையாளம் என்றோ கதை கட்டி விற்பவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள்; இறந்தவனை வைத்து விலை ஏற்றுவது அருவருக்கத்தக்க செயல்.

கேள்வி: முதல் உலகப் போரில் இத்தகைய உறைகள் இருந்தனவா? அருங்காட்சியகப் படங்களில் பெரும்பாலும் வெறும் எஃகையே காண்கிறேன்.
– நாகர்கோவில் வாசகர்

பதில்: இருந்தன. அவை அரிதாகத் தென்படுவதற்குக் காரணமும் உண்டு.

ஜெர்மானியரின் கூர்முனைத் தோல் தொப்பிக்கு 1892இலேயே துணி உறை வந்துவிட்டது. பளபளக்கும் பித்தளைச் சின்னத்தையும் கூர்முனையையும் மறைப்பது அதன் வேலை. விளிம்பில் சிறு உலோகக் கொக்கிகள் இருக்கும். முன்புறத்தில் படைப்பிரிவின் எண் சிவப்புத் துணியில் வெட்டித் தைக்கப்பட்டிருந்தது. 1914இல் போர் தொடங்கியதும், தொலைவிலிருந்தே கண்ணில் பட்ட சிவப்பைப் பச்சையாக மாற்றினார்கள். எண்ணுக்கு மேல் ஆர் என்ற எழுத்து இருந்தால் அது ரிசர்வ் படைப்பிரிவு. பின்னாளில் எதிரிக்குத் துப்புத் தரும் என்று எண்களையே பிரித்தெடுத்தார்கள். எண் இல்லாத உறையில் பிரித்த தையலின் ஊசித்துளைகள் எண்ணின் வடிவத்திலேயே எஞ்சியிருப்பதைச் சாய்ந்த வெளிச்சத்தில் வாசிக்க முடியும். சேகரிப்பாளருக்கு இதைவிட நிறைவான வேலை குறைவு.

பிரெஞ்சுக்காரர்களின் ஏட்ரியன் தலைக்கவசம் 1915இல் வந்தது. பளபளப்பைக் குறைக்க உடனே துணி உறைகளும் வழங்கப்பட்டன. ஆனால் கவசத்தைத் துளைத்து வந்த சிதறல், சேறு ஊறிய துணியின் துணுக்குகளையும் தலைக்காயத்துக்குள் இழுத்துச் சென்றது. காயங்கள் சீழ் பிடித்தன. அதனால் 1916இல் உறைகளைத் திரும்பப் பெற்றார்கள். குறுகிய காலமே வழங்கப்பட்டதால் இன்று எஞ்சியவையும் கொஞ்சம். பிற்காலத்தில் மற்ற நாடுகள் உறையை மீண்டும் ஏற்றது வேறு வரலாறு; ஆனால் வீரனைக் காக்க வந்த துணி அவனுக்கே நஞ்சாகக்கூடும் என்பதைப் பதுங்குகுழி மருத்துவர்கள்தான் முதலில் கண்டார்கள். அதை அறிந்த பிறகு ஓர் ஏட்ரியன் உறையைக் கையில் எடுக்கும்போது வெறும் அழகுப் பொருளாக அதைப் பார்க்க என்னால் இயலவில்லை.

பிரிட்டிஷ் படையினரின் தட்டு வடிவத் தலைக்கவசத்துக்கோ மணல் மூட்டைக் கோணியே உறையாயிற்று. படைவீரர்கள் கிடைத்த கோணியை வெட்டித் தாங்களே தைத்துக்கொண்டதும் உண்டு. அந்தக் கோணியின் சணல் வங்கத்து வயல்களில் விளைந்தது. கல்கத்தாவிலும் ஸ்காட்லாந்தின் டண்டீயிலும் நெய்யப்பட்டது. பிரான்ஸ் நாட்டுச் சேற்றில் நின்றவனின் தலையில் நம் நாட்டு உழவரின் உழைப்பு இருந்திருக்கிறது. கோணி உறைகளைப் போலி செய்வது மிக எளிது. பழைய சாக்கு எங்கும் கிடைக்கும். ஆதலால் குடும்ப வரலாறோ பழைய புகைப்படமோ துணை நிற்காத கோணி உறைக்குப் பெருவிலை தராதீர்கள்.

கேள்வி: ஜெர்மானிய நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படையின் உருமறைப்பு உறைகள்தான் உச்சம் என்கிறார்களே, வாங்க முயலலாமா?
– ஈரோடு வாசகர்

பதில்: வேண்டாம் என்பதே என் அறிவுரை. 1930களின் இறுதியிலேயே அப்படை இரு பக்கமும் அணியத்தக்க உருமறைப்பு உறைகளைப் புழங்கியது என்பதும், உருமறைப்பு வரலாற்றில் அதற்கு முக்கிய இடம் உண்டு என்பதும் உண்மை. ஆனால் இந்தத் துறையிலேயே மிக அதிகமாகப் போலி செய்யப்படுவது அதுதான். பழைய கூடாரத் துணியை வெட்டித் தைத்த போலியில் துணியும் சாயமும் அசலாகவே இருக்கும் என்பதால் பல ஆண்டு பழகியவர்களே தடுமாறுகிறார்கள். அத்துடன், அந்த அமைப்பு நடத்திய படுகொலைகளை மறந்துவிட்டு அதன் உடையை மட்டும் போற்றும் மனநிலை சந்தையில் உலவுகிறது. வரலாற்றைப் படிப்பதற்கு அருங்காட்சியகப் பொருள்கள் போதும்.

கேள்வி: என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மாப் போர்முனையில் இருந்தவர். அவருடைய தட்டுத் தலைக்கவசம் வலையோடும் ஒரு கோணித் துண்டோடும் பரணில் கிடந்தது. இதை என்ன செய்வது?
– வேலூர் வாசகர்

பதில்: முதலில், எதையும் பிரிக்காதீர்கள். வலையும் கோணித்துண்டும் கவசமும் ஒன்றாக இருந்த நிலையே அதன் மதிப்பு. வலைக் கண்களில் சிக்கிய நார்த்துணி, காய்ந்த இலைத்தூள், முடிச்சுப் போட்ட முறை எல்லாமே அவர் கையால் ஆனவை. நான்கு பக்கமும் மேலும் கீழுமாகப் படம் எடுத்துவிடுங்கள். பிறகு உள்வாரிலும் விளிம்பிலும் அகன்ற அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். அது பிரிட்டிஷ் அரசின் உடைமைக்குறி. அம்பு சி என்ற எழுத்துக்குள் இருந்தால் கனடாவில் செய்தது.

அவருடைய பணிப் புத்தகம், பதக்கம், கடிதம், ஓய்வூதியத் தாள் ஏதேனும் இருந்தால் ஒரே பெட்டியில் வையுங்கள். அத்தையோ பெரியப்பாவோ இன்னும் இருக்கிறார்கள் என்றால், அவர்கள் நினைவில் உள்ளதைக் கேட்டு, யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்ற விவரத்தோடு தாளில் எழுதுங்கள். கவசத்தின் மேலோ துணியின் மேலோ எதையும் எழுத வேண்டாம். விற்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். சந்தையில் அதற்குக் கிடைப்பது சொற்பம். தாத்தாவின் பெயரோடு உங்கள் வீட்டில் இருக்கும்வரைதான் அது முழுமையான சான்று. பழைய படையாடைகள் எப்படிக் காட்சிக்கு வைக்கப்படுகின்றன என்று பார்க்க விரும்பினால் சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை சென்று வாருங்கள்.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் குடியிருக்கிறோம். என் கணவர் சேகரித்த உறைகளில் கறுப்புப் புள்ளி விழுகிறது. துவைக்கலாமா? பாச்சை உருண்டை போடலாமா?
– சென்னை வாசகி

பதில்: துவைக்கவே கூடாது. முத்திரை மை, பேனா எழுத்து, வெயில் வரைந்த எல்லைக்கோடு, துருவின் வளைவு என்று மேலே சொன்ன சான்றுகள் அத்தனையும் ஒரே சலவையில் போய்விடும். கறுப்புப் புள்ளி பெரும்பாலும் பூஞ்சணம். உறையை நிழலில், காற்றோட்டமான இடத்தில், நேர் வெயில் படாமல் ஓரிரு நாள் உலர விடுங்கள். காய்ந்த பிறகு மென்மையான தூரிகையால் வீட்டுக்கு வெளியே தட்டுங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். கறை மிச்சமிருந்தால் இருக்கட்டும்.

கடல் காற்றின் உப்பும் ஈரமும் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். துருவிலுள்ள இரும்பு பருத்தி இழையை மெல்ல அரித்துப் பொடியாக்கும். எனவே எளிதாகக் கழன்று வரும் உறையைக் கழற்றித் தனியாக வைப்பதே நல்லது. ஆனால் பல்லாண்டாகக் கவசத்தோடு இறுகிப் போன உறையை வலிந்து இழுத்தால் மடல் கிழிந்து கையோடு வரும். அதை அப்படியே விட்டு, அறையின் ஈரத்தைக் குறைப்பதே வழி. இடம்பொருந்தாத வேறொரு கவசத்தின் மேல் அழகுக்காக உறையை இழுத்து மாட்டிவைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடச் சொல்லுங்கள். உச்சித் தையல் அதில்தான் முதலில் விடுகிறது.

கழற்றிய உறையை மடித்து அடுக்காதீர்கள். மடிப்புக் கோட்டிலேயே இழை முறியும். அமிலமற்ற மென்தாளை உருட்டி உள்ளே நிரப்பி, அரைக்கோள வடிவில் நிற்க வைத்து, அமிலமற்ற அட்டைப் பெட்டியில் வையுங்கள். அத்தாள் கிடைக்காவிட்டால் கஞ்சியின்றிப் பலமுறை அலசிக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணி போதும். செய்தித்தாளோ தேக்குப் பலகையோ துணியைத் தொடக் கூடாது. பிளாஸ்டிக் பையில் நிரந்தரமாகக் கட்டி வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் பூஞ்சணத்துக்கே விருந்தாகும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலங்களைப் பெட்டிக்குள் வைத்து, மழைக்காலத்தில் மாற்றுங்கள். காட்சிக்கு வைத்தால் சன்னலுக்கு எதிரே வேண்டாம். அருங்காட்சியகங்கள் பழந்துணிக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் காட்டுவதில்லை. அது ஏறத்தாழ மாலை நேரத்து மங்கல் வெளிச்சம்.

பாச்சை உருண்டை துணியில் படக் கூடாது. அதன் ஆவி உள்கவசத்தின் பிளாஸ்டிக் பகுதிகளுக்கும் நல்லதல்ல. வேப்பிலையும் கறை விடும். உறையில் தைத்த கம்பளி எண்களை அந்துப்பூச்சியின் புழு தின்னும். கஞ்சியேறிய பருத்தியை இராமபாணப் பூச்சி சுரண்டும். பூச்சி இருப்பது தெரிந்தால், நன்றாக உலர்ந்த உறையைக் காற்று நீக்கிய பாலித்தீன் பையில் அடைத்து, 20 டிகிரி உறைநிலைக்குக் கீழே இறங்கும் உறைகலனில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுதும் விட்டு, அறை வெப்பத்துக்கு வந்த பின் பிரியுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த துணியின் மேல் நீர் படியும். வீட்டுக் குளிர்பெட்டியின் மேல்தட்டு அந்தக் குளிருக்கு இறங்குகிறதா என்பதை முதலில் வெப்பமானி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இங்கே ஒரு பழைய பங்களாப் பொருள் விற்பனையில் முதல் உலகப் போர்க் காலத்து உறை ஒன்று கிடைத்தது. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குத் தபாலில் அனுப்பலாமா?
– உதகை வாசகர்

பதில்: அனுப்பாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத வரலாற்றுப் பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. முதல் உலகப் போர் உறைகள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. பொருளின் காலம் குறித்து ஐயம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அன்று என்ற சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போர் உறைகளுக்கு நூறு ஆண்டு இன்னும் நிறைவடையவில்லை. ஆயினும் அவற்றை அனுப்பும்போதும் பொட்டலத்தின் மேல் ‘பழைய துணி’ என்று மட்டும் எழுதாமல், என்ன பொருள், எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று தெளிவாகக் குறிப்பிட்டு, படத்தின் நகலையும் இணைத்துவிடுங்கள்.